தமிழில் சிறுவர் அறிவு நூல்கள்

கதை, பாட்டு, நாடகம் நீங்கலாக, உலகச் செய்திகளைச் சிறுவர்க்கும் இளையோர்க்கும் எடுத்துச் சொல்லும் நூல்கள் இவை. அறிவியல், வரலாறு, நாடு நகரங்கள், பெரியோர் வாழ்க்கை, செய்துபார்க்கும் சோதனைகள், களஞ்சியங்கள் எல்லாம் இதில் அடங்கும். பாடநூலுக்கும் இதற்கும் உறவு நெருக்கம்தான். ஆனால் தேர்வுக்காகப் படிப்பது பாடநூல்; யாரும் சொல்லாமலே பிள்ளை எடுத்துப் புரட்டுவது அறிவு நூல். இத்துறையில் தமிழுக்கு எழுதும் ஆட்கள் குறைவாக இருந்ததில்லை. படம் போட்டு அச்சிடும் செலவை யார் ஏற்பது என்பதே எக்காலத்திலும் கேள்வியாக இருந்தது. இவற்றின் வரலாறு பெரும்பாலும் அந்தச் செலவை ஏற்றவர்களின் வரலாறு.

முதலில் ஏற்றவர்கள் கிறித்தவ மறைப்பணியாளர்கள். 1840இல் நாகர்கோவிலிலிருந்து ‘பாலதீபிகை’ என்ற சிறுவர் இதழ் வெளிவந்தது. யாழ்ப்பாணத்திலும் மிஷன் பள்ளிகளும் அச்சகங்களும் சுறுசுறுப்பாக இயங்கின. அதற்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் தாமே பள்ளி நிறுவி, அச்சுக்கூடம் அமைத்து, 1850 தொடங்கிப் ‘பாலபாடம்’ நூல்களை வெளியிட்டார். இரு தரப்புக்கும் சமயமும் ஒழுக்கமுமே முதன்மை. உலக அறிவு இடையிடையே வந்துபோனது. எனினும் பிள்ளைகளுக்கு எளிய உரைநடை எழுத முடியும் என்று காட்டியதற்காகவே நாவலரை இந்த வரிசையில் வைக்க வேண்டும்.

அறிவியலைத் தமிழில் எழுதுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் பெ. நா. அப்புசாமி (1891–1986). தொழிலால் வழக்கறிஞர். சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்க்கும் அளவுக்கு இலக்கியப் பழக்கம் உடையவர். 1917 முதல் இதழ்களில் எழுதத் தொடங்கி, முதுமை வரை நிறுத்தவில்லை. சிறுவர்க்கென எழுதும்போதும் குரலை மாற்றிக் கொஞ்ச மாட்டார். நீதிமன்றத்தில் வாதத்தை அடுக்குவதுபோலக் காரணத்தையும் விளைவையும் வரிசையாக வைப்பார். அந்த நிதானம் பின்வந்த பலருக்குக் கைவரவில்லை.

விடுதலைக்குப் பின் காற்று மாறியது. 1950இல் அழ. வள்ளியப்பா முன்னின்று குழந்தை எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கினார். கல்வி கோபாலகிருஷ்ணன் ‘பண்டை உலகில் பறக்கும் பாப்பா’ போன்ற நூல்களில் அறிவியலைக் கற்பனைப் பயணமாக மாற்றினார். செய்தியைக் கதைக்குள் வைத்துத் தரும் இந்த முறை தமிழில் இன்றுவரை நீடிக்கிறது. வேதாளத்தையும் விக்கிரமாதித்தனையும் துணைக்கு அழைத்த ‘ஆயிஷா’ இரா. நடராசனின் ‘விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள்’ 2014இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதைப் பெற்றது. கதை இல்லாமல் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள் என்ற அச்சமும் இம்முறைக்குள் இருக்கிறது. அந்த அச்சம் முழுக்கச் சரியல்ல என்பதற்குக் குழந்தைகள் கலைக்களஞ்சியமே சான்று.

அக்களஞ்சியம் வந்த வழி இது. சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் 1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். கழகம் எடுத்த முதற் பெரும்பணி, பெரியோர்க்கான கலைக்களஞ்சியம். முதன்மைப் பதிப்பாசிரியர் ம. ப. பெரியசாமித் தூரன். கோவைக்கு அருகே அவினாசிலிங்கம் நிறுவிய இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். கருநாடக இசைக் கச்சேரிகளில் இன்றும் பாடப்படும் பல கீர்த்தனைகளை இயற்றியவரும் அவரே. பிள்ளைகளுக்குக் கதைகளும், குழந்தை உளவியல் பற்றி நூல்களும் எழுதியிருந்தார். பெரிய களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வந்தது; இணைப்பாக அமைந்த பத்தாம் தொகுதி 1968இல். அதே ஆண்டு குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியும் வெளிவந்தது. ஒரு பணி முடிந்ததும் அதில் பழகிய கைகளைக் கலைத்துவிடாமல் அடுத்ததில் இறக்கியதுதான் இதன் வெற்றிக்குக் காரணம் என்று சொல்லலாம்.

பத்துத் தொகுதிகளும் 1976இல் நிறைவுற்றன. முதல் தொகுதி வந்தபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, கடைசித் தொகுதி வந்தபோது ஒன்பதாம் வகுப்பில் இருந்திருக்கும். காத்திருப்பு நீளம்தான். ஆனால் அவசரப்பட்டுச் செய்திருந்தால் அந்தத் தரம் வந்திராது. இங்கிலாந்தில் ஆர்தர் மீ 1908 முதல் 1910 வரை மாதமிருமுறைப் பகுதிகளாக வெளியிட்ட புகழ்பெற்ற குழந்தைகள் களஞ்சியம் பொருள்வாரியாக அமைந்தது. தூரனின் களஞ்சியமோ அகரவரிசையில் அமைந்தது. அணிலைத் தேடிப் போகும் பிள்ளை பக்கத்திலேயே அணுவையும் பார்த்துவிடும். பிள்ளைகளின் படிப்பு நேர்கோட்டில் போவதில்லை என்பதை அறிந்தவர்களின் ஏற்பாடு இது. கன்னடத்தில் நிரஞ்சனா பதிப்பித்த ‘ஞான கங்கோத்ரி’ ஏழு தொகுதிகளும் இதற்குச் சமகால முயற்சி.

வண்ணப்படச் செலவைக் குறைக்க இன்னொரு வழியும் கண்டார்கள். படம் ஒன்றே, எழுத்தை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுவது. 1957இல் தொடங்கிய தேசியப் புத்தக நிறுவனம் நேரு பால புத்தகாலய வரிசையில் இதைச் செய்தது. பிற்காலத்தில் சென்னையின் தூளிகா, அதன்பின் பிரதம் புக்ஸ் ஆகியவையும் இவ்வழியில் போயின. விலை இறங்கியது. ஆனால் டெல்லிக்கும் பொருந்தி, திருநெல்வேலிக்கும் பொருந்தும் படம் பல நேரம் எந்த ஊருக்கும் உரியதாக இராது. இது இம்முறையின் தீராத குறை.

மாஸ்கோவிலிருந்து வந்த நூல்கள் தனி அத்தியாயம். யா. பெரல்மான் 1913இல் ருஷ்ய மொழியில் எழுதிய நூல் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ என்று தமிழில் வந்து, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக மலிவு விலைக்குக் கிடைத்தது. கெட்டி அட்டை, நல்ல தாள், சோவியத் அரசின் பணம். 1991இல் அந்த அரசு கலைந்ததும் வரத்து நின்றது.

அதற்குள் உள்ளூரில் வேறொரு ஆதரவு முளைத்திருந்தது. 1980இல் உருவான தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987இல் ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் மாத இதழைத் தொடங்கியது. ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும் தன்னார்வமாக எழுதினார்கள். பள்ளிகள் தோறும் சந்தா சேர்த்தார்கள். அரசோ அயல்நாடோ அல்லாமல் வாசகரையே நம்பி நின்ற முயற்சி என்பதால், முன்னவற்றைவிட இதற்கு ஆயுள் கெட்டி. இக்காலத்தில் மணவை முஸ்தபாவின் ‘இளையர் அறிவியல் களஞ்சியம்’ போன்ற ஒருவரே முயன்று செய்த தொகுப்புகளும் வந்தன. 2022இல் தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை அரசுப் பள்ளி மாணவர்களுக்காக ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களைத் தொடங்கியது.

குழந்தைகள் கலைக்களஞ்சியத்தில் அறிவியல் செய்திகள் பல இன்று பழையவை, நிலவரைபடங்களும் மாறிவிட்டன. தமிழ் நடைக்காகவும் விளக்கும் திறத்துக்காகவும் அதைப் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் அது கட்டணமின்றிக் கிடைக்கிறது.