கேட்ட விதமும் கிடைத்த அபாயமும்: இதயநோய் ஆய்வுகளில் உளவியல் வினாப்பட்டியல்கள்

சான் பிரான்சிஸ்கோ இதயநோய் மருத்துவர்கள் மேயர் ஃப்ரீட்மனும் ரே ரோசன்மனும் 1959இல் 'ஏ வகை' நடத்தையைப் பற்றி எழுதினார்கள். எந்நேரமும் அவசரம், அடங்காத போட்டி மனப்பான்மை, எளிதில் கிளர்ந்தெழும் கோபம் ஆகியவை சேர்ந்த அந்தச் சுபாவத்தைக் கண்டறிய, ஒருவர் சொல்லும் பதிலை விட அதைச் சொல்லும் விதத்தையே அவர்கள் நம்பினார்கள். அதற்கென உருவான நேர்காணலில் ஒரு கேள்வியை வேண்டுமென்றே இழுத்து இழுத்துக் கேட்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் சீக்கிரம் எழுந்திருப்பது வழக்கம் என்று தொடங்கி, தயங்கி, சொல்லைத் தேடி, நீங்கள் எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்ற இடத்துக்கு மெல்ல வந்து சேர்வார்கள். கேள்வி எங்கே போகிறது என்பது பாதியிலேயே தெரிந்துவிடும். எதிரில் இருப்பவர் அது முடியும்வரை காத்திருக்கிறாரா, குறுக்கே புகுந்து "ஆறு மணிக்கு" என்று முடித்து வைக்கிறாரா என்பதைத்தான் நேர்காணுபவர் குறித்துக்கொள்வார். எழும் நேரம் அவருக்குத் தேவையில்லை. குரலின் உரப்பும் பேச்சின் வேகமும் சொற்கள் வெடித்து வரும் பாங்கும் மதிப்பீட்டில் சேரும்.

இந்த நேர்காணலை அடிப்படையாகக் கொண்டு கலிபோர்னியாவில் 39 முதல் 59 வயது வரையிலான 3,154 ஆண்களை எட்டரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 257 பேருக்கு இதயத் தமனி நோய் வந்தது. ஏ வகையினருக்கு அபாயம் மற்றவர்களைப் போல் ஏறத்தாழ இருமடங்கு என்ற முடிவு 1975இல் வெளியானது. 1981இல் அமெரிக்க தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு ஏ வகை நடத்தையை ஆபத்துக் காரணியாகவே ஏற்றுக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்த ஏற்பு ஆட்டம் கண்டது. 1985இல் வெளியான எம்ஆர்ஃபிட் ஆய்வில் ஏ வகைக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு தென்படவில்லை. 1988இல் டேவிட் ராக்லண்டும் ரிச்சர்ட் பிராண்டும் கலிபோர்னியத் தரவுகளையே மீண்டும் எடுத்துப் பார்த்தார்கள். முதல் மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் ஏ வகையினரே பின்னர் குறைவாக இறந்திருந்தார்கள்.

இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு கருதுகோளின் தோல்வி வரலாறாகச் சொல்வதே வழக்கம். அதற்குள் அளவீட்டின் வரலாறு ஒன்றும் அடங்கியிருக்கிறது. உளவியல் காரணிகளை இதயநோயோடு இணைக்கும் ஆய்வுகளில் கேள்வியின் சொல்லமைப்பைச் செய்முறைப் பகுதியின் ஓரத்தில் ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் வாதம். எந்தக் காரணி அளக்கப்படுகிறது என்பதையே அந்தச் சொல்லமைப்புதான் தீர்மானிக்கிறது. சொல்லை மாற்றினால் காரணியும் மாறுகிறது. பெயர் மட்டும் பழையபடி நிற்கிறது.

ஏ வகைக்கு நேர்ந்தது இதுதான். ஆயிரக்கணக்கானவர்களை உட்கார வைத்துப் பேட்டி எடுப்பதற்குச் செலவு அதிகம், பயிற்சி பெற்றவர்களும் வேண்டும். ஆகவே டேவிட் ஜென்கின்ஸ் அதே வகைப்பாட்டைத் தாளிலேயே கண்டறிய ஒரு வினாப்பட்டியலை உருவாக்கினார். மிக வேகமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று உங்கள் மனைவியோ நண்பர்களோ சொல்வதுண்டா, ஒருவர் விஷயத்துக்கு வராமல் சுற்றி வளைத்தால் அவரைத் துரிதப்படுத்தத் தோன்றுமா என்ற ரீதியில் அதன் கேள்விகள் போகும். நேர்காணலில் இடைமறிப்பு கண்ணெதிரே நடந்தது. தாளில், தான் இடைமறிக்கிற ஆளா என்பதை அவரே எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. தன் அவசரத்தைத் தானே கவனிக்கும் பழக்கம் அவசரக்காரர்களிடம் குறைவு. மேலும், பொறுமையின்மையைச் சுறுசுறுப்பின் அடையாளமாக மதிக்கும் அலுவலகத்தில் இருப்பவர் ஆம் என்று பெருமையோடு குறிப்பார், அதைக் குறையாக எண்ணும் வீட்டில் வளர்ந்தவர் இல்லை என்பார். இரண்டு கருவிகளின் முடிவுகளும் அரைகுறையாகவே ஒத்துப்போயின.

ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில் பயன்பட்ட பத்துக் கேள்விகள் இன்னொரு திசையில் விலகின. போட்டி மனப்பான்மையையும் நேர நெருக்கடியையும் கேட்ட அதே பட்டியல், நாள் முடிவில் தாங்கும் எல்லைவரை இழுபட்டதுபோல் உணர்கிறீர்களா, வேலை முடிந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா என்றும் கேட்டது. இவற்றுக்கு ஆம் என்பவர் சுபாவத்தால் ஏ வகையாக இருக்கலாம், வேலைச்சுமையால் நைந்துபோன சாதுவாகவும் இருக்கலாம். இப்படி மூன்று கருவிகள் மூன்று வெவ்வேறு பொருள்களை அளந்தன. மூன்றின் முடிவுகளும் ஒரே பெயரில் ஒரே அட்டவணையில் ஏறின.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். எம்ஆர்ஃபிட்டில் ஜென்கின்ஸ் பட்டியலோடு நேர்காணலும் பயன்பட்டது, அதுவும் எதையும் காட்டவில்லை. அப்படியானால் குற்றம் கேள்வியின் மேல் அல்ல, கருதுகோளின் மேல்தானே? ஓரளவுக்கு ஆம். அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றால் ஏற்கெனவே அதிக அபாயத்தில் இருந்த ஆண்கள் என்பதும் கணக்கில் வரவேண்டும். எனினும் நேர்காணல் ஒன்றே என்று சொல்லிவிடவும் முடியாது. நேர்காணுபவர்கள் கேட்ட வேகமும் பதிலுக்கு அவர்கள் விட்ட இடைவெளியும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டது பின்னர் விவாதப் பொருளாயிற்று. விறுவிறுவென்று கேட்டுக்கொண்டே போகிறவரிடம் யாரும் குறுக்கிட இடமிருக்காது. ஆக, கேள்வித்தாள் மாறாமலே கேள்வி மாறிவிட முடியும்.

இந்தத் தளர்ச்சியால் ஆதாயம் அடைந்தவர்களும் உண்டு. புகையிலை நிறுவனங்கள் ஏ வகை ஆய்வுகளுக்குப் பல ஆண்டுகள் பணம் கொடுத்ததை, அந்நிறுவனங்களின் உள் ஆவணங்களைக் கொண்டு மார்க் பெட்டிக்ரூவும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் எடுத்துக்காட்டினார்கள். மாரடைப்புக்குச் சிகரெட்டை விடச் சுபாவமே காரணம் என்று வாதிட விரும்புகிறவர்களுக்கு, எதை அளக்கிறது என்று தெளிவாகாத கருவி வசதியானது.

ஏ வகையின் பின்வாங்கலுக்குப் பிறகு அதன் ஒரு கூறாகிய பகைமை உணர்வு முன்னுக்கு வந்தது. அதை அளக்க எடுத்துக்கொண்ட குக்–மெட்லி அளவுகோல் 1954இல் உருவானது. ஆசிரியர்களில் யார் மாணவர்களோடு இணக்கமாகப் பழகுவார்கள் என்று முன்கூட்டியே அறிவதே அன்று அதன் நோக்கம், இதயத்தைப் பற்றிய எண்ணம் அதில் இல்லை. சரி, தவறு என்று விடை கேட்கும் ஐம்பது கூற்றுகள் அதில் உண்டு. யாரையும் நம்பாமல் இருப்பதே பாதுகாப்பு, முன்னேறுவதற்காகப் பெரும்பாலோர் பொய் சொல்வார்கள் என்பவை போன்ற கருத்துகள் அவற்றுள் பல. ஜான் பேர்ஃபுட்டும் சகாக்களும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவ மாணவர்களாக இருந்தபோது இதை நிரப்பிய 255 பேரை 25 ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். அதிக மதிப்பெண் பெற்றிருந்தவர்களிடம் இதயநோய் பன்மடங்காக இருந்தது.

படித்து வசதியாக வாழப்போகும் மருத்துவ மாணவர் ஒருவர் 'யாரையும் நம்ப முடியாது' என்பதைச் சரி என்று குறித்தால், அதைச் சுபாவத்தின் வெளிப்பாடாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. கூலியைக் குறைத்துக் கொடுத்த மேஸ்திரியையும், வாடகை முன்பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரரையும் பார்த்து வந்த தொழிலாளி அதே கூற்றைச் சரி என்று குறித்தால் அது அனுபவ அறிக்கை. அமெரிக்க மக்கள் தொகையில் நடந்த கணக்கெடுப்பில் வருமானமும் கல்வியும் குறைந்தவர்களிடம் இந்த மதிப்பெண் கூடுதலாக இருந்ததை 1991இல் பேர்ஃபுட்டின் குழுவே பதிவு செய்தது. வறுமைக்கும் மாரடைப்புக்கும் தனித் தொடர்பு உண்டு. வறியவரை அதிக மதிப்பெண் பெறவைக்கும் சொல்லமைப்பு, வறுமையின் அபாயத்தைப் பகைமையின் கணக்கில் எழுதிவிடுகிறது. வருமானத்தைப் புள்ளியியல் முறையில் சரிக்கட்டினால் போதாதா என்று கேட்கலாம். ஏமாற்றப்பட்ட அனுபவம் வருமான வரிசைகளுக்குள் அடங்கிவிடுவதில்லை.

எதிர்த்திசையில் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு சான்று உண்டு. என் பார்வையில் இத்துறையில் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஆய்வு அது. ஜான் மக்ளியோடும் ஜார்ஜ் டேவி ஸ்மித்தும் பிறரும் 2002இல் வெளியிட்டது. வேலையில் இருந்த 5,606 ஆண்களிடம் மன அழுத்தத்தைப் பற்றிக் கேட்டார்கள். கேள்விகள் நேரடியானவை: பதற்றமாக இருக்கிறீர்களா, அன்றாட வாழ்க்கை அழுத்தமாக இருக்கிறதா, நாள் முடிவில் களைத்துப் போகிறீர்களா. இதயநோயை இரண்டு வழிகளில் அளந்தார்கள். ஒன்று, ஜெஃப்ரி ரோஸ் உருவாக்கிய நெஞ்சுவலி வினாப்பட்டியல். இது முழுக்க நோயாளியின் வாய்மொழி. மற்றொன்று, இசிஜி போன்ற புறச் சான்றுகள். அதிக அழுத்தம் இருப்பதாகச் சொன்னவர்களுக்குப் பின்னாளில் நெஞ்சுவலி வருவதற்கான வாய்ப்பு விகிதம் 2.66 என்று வந்தது. இசிஜியில் அந்த உறவு இல்லை. அங்கே புள்ளிகள் எதிர்ப்பக்கமாகவே சாய்ந்தன. அந்த ஆண்களில் அதிக அழுத்தம் என்று சொன்னவர்கள் பெரும்பாலும் வசதியான வேலையில் இருந்தவர்கள், அவர்களுக்கு உண்மையான இதயநோய் குறைவு. தன் நிலையைச் சற்றுத் தூக்கிச் சொல்லும் பழக்கமுள்ளவர் அழுத்தம் பற்றிய கேள்விக்கும் நெஞ்சுவலி பற்றிய கேள்விக்கும் ஒரே கையால் குறியிடுகிறார். 2.66 என்ற எண்ணில் பெரும்பங்கு அந்தக் கையின் பங்கு.

இனி மனச்சோர்வு. இங்கே சொல்லமைப்பின் சிக்கல் இன்னும் நுட்பமானது, ஏனென்றால் கேள்விகள் உடலையே தொடுகின்றன. உலகெங்கும் பயன்படும் பிஹெச்க்யூ-9 என்ற மனச்சோர்வு வினாப்பட்டியல் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 10ஐத் தொட்டால் கவனிக்க வேண்டியவர். மாரடைப்பு வந்து பத்தாவது நாள் வீடு திரும்பவிருக்கும் ஒருவரைக் கற்பனை செய்வோம். ஆய்வு உதவியாளர் கட்டிலருகே நின்று பட்டியலை வாசிக்கிறார். களைப்பாகவோ தெம்பில்லாமலோ இருந்ததா? மெட்டோபுரோலால் மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது, களைப்பு அதனாலும் வரும். "தினமும்தான் தம்பி." மூன்று மதிப்பெண். தூக்கம்? தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவெல்லாம் விளக்கு எரிந்தது, மணிக்கொரு தரம் எழுப்பினார்கள். மூன்று. பசி? உப்பில்லாத சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு. நடமாட்டம் மந்தமாகிவிட்டதா? மெதுவாக நடக்கச் சொன்னதே மருத்துவர்தான். இரண்டு. துக்கம், நம்பிக்கையின்மை, ஆர்வமின்மை எதற்கும் ஒரு மதிப்பெண் கூடச் சேரவில்லை. மதிப்பெண் 10 ஆகிவிட்டது. போதாததற்கு, கேட்கப்படும் இரண்டு வாரங்களில் முதல் நான்கு நாட்கள் அவர் வீட்டில் இருந்தவை, மீதிப் பத்து நாட்கள் மருத்துவமனையில் கழிந்தவை. எந்த நாட்களை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இந்த ஐயம் வெறும் கற்பனை அல்ல. பீட்டர் டி யோங்கும் சகாக்களும் 2006இல், மாரடைப்பு வந்த 494 பேரின் பெக் மனச்சோர்வுப் பட்டியலைக் கேள்விவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். உடல் சார்ந்த கேள்விகளின் தொகுதி பின்னர் வந்த இதய மரணத்தோடு தொடர்பு காட்டியது. தன்னைத் தானே வெறுப்பது, குற்ற உணர்வு போன்ற எண்ணம் சார்ந்த தொகுதி காட்டவில்லை. இதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்லலாம். உடல்வழி வெளிப்படும் மனச்சோர்வே இதயத்துக்குக் கேடு என்பது ஒன்று. பழுதுபட்ட இதயமே களைப்பாக வெளிப்பட்டு மனச்சோர்வு மதிப்பெண்ணை ஏற்றியது என்பது மற்றொன்று. பட்டியலின் கூட்டுத்தொகை மட்டும் கையில் இருந்தால் எதையும் பிரித்தறிய வழியில்லை. ஜிக்மண்டும் ஸ்னெய்த்தும் 1983இல் மருத்துவமனை நோயாளிகளுக்கென்றே உடல் அறிகுறிகளைத் தவிர்த்து ஒரு பட்டியல் வகுத்தார்கள். அதிலும் 'வேகம் குறைந்துவிட்டதுபோல் உணர்கிறேன்' என்ற கூற்று மனச்சோர்வுப் பகுதியில் தங்கிவிட்டது.

உலகளாவிய ஆய்வுகளில் பட்டியல் சுருங்கச் சுருங்கச் சொல்லின் பாரம் கூடுகிறது. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், எரிச்சலோ பதற்றமோ தூக்கக் கோளாறோ வேலையிலோ வீட்டிலோ உள்ள நிலைமைகளால் ஏற்பட்டதா என்று ஒரே மூச்சில் கேட்டார்கள். மூன்று உணர்வுகளும் ஒரு காரண விளக்கமும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. கேட்டது மாரடைப்புக்குப் பிறகு, முந்தைய ஆண்டைப் பற்றி. எனக்கு ஏன் இப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே படுத்திருப்பவரிடம் அந்த வாக்கியம் ஒரு விடையையும் சேர்த்தே நீட்டுகிறது. நிரந்தர அழுத்தத்துக்கு 2.17 என்று வந்த வாய்ப்பு விகிதத்தை நான் ஒதுக்கவில்லை. இத்தனை நாடுகளில் ஒரே திசையில் வந்த முடிவை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதன் அளவில் எவ்வளவு அழுத்தத்தினுடையது, எவ்வளவு வாக்கியத்தினுடையது என்று அந்த ஆய்வுக்குள் இருந்துகொண்டு சொல்ல இயலாது.

முடிவை மாற்றக் கேள்வியைக் கூடத் தொட வேண்டாம், விடைக்குத் தரும் எண்களே போதும். வாழ்க்கையில் எவ்வளவு வெற்றி பெற்றீர்கள் என்ற கேள்வியை நார்பர்ட் ஷ்வார்ட்ஸும் சகாக்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு அளவுகோல்களில் கேட்டுப் பார்த்தார்கள். 0 முதல் 10 வரை என்றபோது கீழ்ப்பாதியைத் தேர்ந்தவர்கள் 34 விழுக்காடு. அதையே -5 முதல் +5 வரை என்றபோது 13 விழுக்காடு.

ஆகவே, ஒரு பத்திரிகை இத்தகைய ஆய்வை வெளியிடும்போது வினாப்பட்டியலின் முழு வாசகத்தையும், மொழிபெயர்த்ததாக இருந்தால் களத்தில் வாசித்த வாசகத்தையும் கட்டாயமாகக் கேட்க வேண்டும். கூட்டுத்தொகையோடு கேள்விவாரியான முடிவுகளும் வரவேண்டும். 'பகைமை அபாயத்தைக் கூட்டுகிறது' என்று எழுதுவதற்குப் பதில், எந்தப் பட்டியலில் எந்தக் கூற்றுகள் அபாயத்தைக் காட்டின என்று எழுத வேண்டும். நோயாளியின் வாய்மொழியைக் காரணத்துக்கும் விளைவுக்கும் ஒருசேரச் சான்றாக்குவதை நிறுத்த வேண்டும். மனைவி, மக்கள், உடன் வேலை செய்பவர்கள் ஆகியோரின் மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு சோதனை தேவை. புதிதாகத் தொடங்கும் தொடர்கண்காணிப்பு ஆய்வு ஒன்றில், சேர்பவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பாதிக்கு உடல் அறிகுறிகள் கலந்த பட்டியலையும், மறுபாதிக்கு அவற்றை நீக்கி அதே எண்ணிக்கையில் மனநிலைக் கேள்விகள் அமைந்த பட்டியலையும் கொடுத்து, இசிஜியும் இரத்தப் பரிசோதனையும் உறுதி செய்த மாரடைப்பை மட்டுமே விளைவாகக் கொள்ளலாம். இரண்டு பாதிகளிலும் அபாய விகிதம் ஒன்றாகவே வந்தால் மனச்சோர்வைப் பற்றி நான் இங்கே எழுப்பிய ஐயம் விழுந்துவிடும். மாறி வந்தால், இதுவரை வெளியான விகிதங்களில் எவற்றைக் கேள்விவாரியாகப் பிரித்து மறுபடி கணக்கிட வேண்டும் என்ற பட்டியல் அந்த வேறுபாட்டிலிருந்தே கிடைக்கும்.