செவிலிக்குத் தந்த கூலி

வணிகர் விருந்து வைப்பார், பயணம் போவார், தொழிலுக்காகச் செய்த செலவென்று எழுதி, வருமான வரியில் கழித்துக் கொள்வார். அதே நாட்டில், வேலைக்குச் செல்லும் தாயொருத்தி, குழந்தையைக் காக்கும் செவிலிக்குத் தந்த கூலியைக் கணக்கிற் காட்டினாள். 'அது உன் வீட்டு விவகாரம்' என்று கைவிரித்தனர். எந்த நாடு? விடுதலைக்குச் சிலை எடுத்த அமெரிக்கா!

ஸ்மித் தம்பதியர் தொடுத்து, 1939இல் தீர்ப்பான வழக்கு அது. கணவனும் மனைவியும் பணிபுரிந்தனர். செவிலி இல்லையேல் மனைவிக்குப் பணியில்லை, பணியில்லையேல் வருமானமில்லை, வருமானமில்லையேல் வரி ஏது? ஆகவே இது வருமானம் ஈட்டச் செய்த செலவே என வாதிட்டனர். நேரிய வாதம் என்றே நாம் கருதுகிறோம். வரி முறையீட்டு மன்றம் அவ்வாறு கருதவில்லை. இல்லம் பேணலும் பிள்ளை வளர்த்தலும் மனைவி கூலியின்றி ஆற்றும் பணி. அதைப் பிறரிடம் ஒப்படைத்தால் அது சொந்தச் செலவே என்றது. மனுவின் ஏட்டைப் புரட்டாத மன்றம், மனு சொன்னதையே வரிக்கணக்கின் மொழியிற் சொல்லிற்று!

போர் வந்தது. படைக்கலத் தொழிற்சாலைகளுக்குப் பெண்களின் கரம் தேவைப்பட்டது. உடனே குழந்தைக் காப்பகங்களுக்கு அரசே பணம் தந்தது. போர் ஓய்ந்தது, 1946இல் பணமும் நின்றது.

1954இல் சட்டம் சற்றே இளகிற்று. ஆண்டுக்கு 600 டாலர் வரை கழிக்கலாம். யார்? பெண்களும், மனைவியை இழந்த அல்லது பிரிந்த ஆண்களும். கணவனோடு வாழும் பெண்ணாயின், இருவர் வருமானமும் சேர்ந்து 4500 டாலரைத் தாண்டியதும் சலுகை தேயும், 5100இல் மறையும். கணவன் சம்பாதிக்கையில் உனக்கேன் வேலை என்று கேளாமற் கேட்டது சட்டம்.

அச்சட்டத்தின் முள் ஓர் ஆடவரையும் தைத்தது. டென்வர் நகரத்துச் சார்லஸ் மோரிட்ஸ் மணமாகாதவர். முதிய தாயைப் பேண ஆள் வைத்தார். 1968ஆம் ஆண்டுக் கணக்கில் 600 டாலர் கழித்தார். மகளாயின் உண்டு, மணமாகா மகனுக்கு இல்லை என்றது வரித்துறை. தாயைப் பேணுவது ஆண்மைக்கு இழுக்குப் போலும்! ரூத் பேடர் கின்ஸ்பர்க்கும் அவர்தம் கணவர் மார்ட்டினும் வாதாடினர், 1972இல் வென்றனர். இத்தீர்ப்பு நிலைத்தால் எவையெவை சரியுமோ என்று அஞ்சிய அரசு, ஆண் பெண் பேதம் பாராட்டும் நூற்றுக்கணக்கான சட்டப் பிரிவுகளைப் பட்டியலிட்டு உச்ச நீதிமன்றத்தில் நீட்டிற்று. மன்றம் வழக்கை ஏற்கவில்லை. பட்டியலோ அம்மையாரிடம் சிக்கிற்று. அடுத்து எதை எதிர்ப்பது என்று தேடியலையும் தொல்லையை அரசே தீர்த்து வைத்தது!

1976இல் சலுகை உருமாறி, செலவில் 20 விழுக்காடு வரியிலிருந்தே நேராகக் கழிக்கப்பட்டது. தாய், தந்தை எனும் பேதமில்லை. ஆனால் வரி கட்டுமளவு ஊதியமற்றவளுக்கு எதிலிருந்து கழிப்பது? பிறர் பிள்ளையைச் சீராட்டச் சென்ற ஏழைச் செவிலி, தன் பிள்ளையை அண்டை வீட்டில் விடத் தந்த காசுக்கு ஏதும் பெறவில்லை. 2021 எனும் ஓராண்டுக்கு மட்டும் அவளுக்கும் கிடைக்க வழி செய்தனர். மறு ஆண்டே அவ்வழியை அடைத்தனர்.