புரொசெசர் மாறினால் ஒப்பீஸ் வாசல் ஏன் பூட்டிக்கொள்கிறது?

வீ.பி.என் எண்டதும் எங்களில் கனபேருக்கு ஞாபகம் வருவது 2018 மார்ச்சும் 2019 ஏப்ரலும்தான். பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் முடக்கப்பட்ட அந்த நாட்களில் ஏதோ ஒரு இலவச வீ.பி.என்னைப் போனில் போட்டுச் சமாளித்தோம். ஆனால் இந்தத் தொழில்நுட்பம் வளர்ந்தது அதற்காக இல்லை. வெளியில் இருக்கும் ஊழியர் ஒப்பீஸ் வலையமைப்புக்குள் பாதுகாப்பாக நுழைவதற்கான வாசல் அது. வாசல் பூட்டினால் அன்றைக்கு வேலை இல்லை. கணினியின் புரொசெசர் மாறும் காலங்களில் அடிக்கடி பூட்டிக்கொள்வதும் இந்த வாசல்தான்.

அப்பிளின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். 1984 இல் வந்த முதல் மக்கின்டோஷ், மோட்டோரோலாவின் 68000 புரொசெசரில் ஓடியது. 1994 இல் பவர்பீசிக்கு மாறினார்கள். 2006 இல் இன்டெல். 2020 நவம்பரில் அப்பிளின் சொந்த எம்1. ஒவ்வொரு குடும்பப் புரொசெசருக்கும் தனிக் கட்டளை மொழி; ஒன்றுக்கு எழுதியது மற்றதுக்கு விளங்காது. அதனால் ஒவ்வொரு தடவையும் அப்பிள் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் சேர்த்தே அனுப்பியது. இன்டெலுக்கு மாறியபோது வந்தவரின் பெயர் றொசெட்டா. எம்1 உடன் வந்தவர் றொசெட்டா 2. பழைய மென்பொருள்கள் பெரும்பாலும் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் ஓடின.

அப்ப வீ.பி.என்னுக்கு மட்டும் என்ன நடந்தது?

இயங்குதளத்துக்கு இரண்டு தட்டுகள் இருக்கின்றன எண்டு வையுங்கோ. பிரவுசர், கணக்குப் பார்க்கும் மென்பொருள் எல்லாம் மேல்தட்டில். கீழ்த்தட்டில் இருப்பது கேர்னல். நினைவகத்தையும் வலையமைப்பையும் ஆளுவது அதுதான். றொசெட்டா வேலை செய்வது மேல்தட்டில் மட்டும். பழைய வீ.பி.என்கள் பலவோ, கணினியிலிருந்து போகும் எல்லாத் தரவுகளையும் பிடித்துக் குறியாக்கம் செய்ய, கேர்னலுக்குள்ளேயே ஒரு சிறு துண்டைச் செருகி வைத்திருந்தன. கேர்னல் புதிய புரொசெசரின் மொழியில் ஓடும்போது, அதனுள் ஒட்டும் துண்டும் அதே மொழியில் இருக்கவேண்டும். இடையில் மொழிபெயர்ப்பாளர் நிற்க ஏலாது. கேர்னல் நீட்சிகளை மொழிபெயர்க்கமாட்டோம் எண்டு அப்பிள் இரண்டு றொசெட்டாக்களுக்கும் வெளிப்படையாகவே சொல்லியிருந்தது.

இது அப்பிளின் கதை மட்டும் இல்லை. 64 பிட் விண்டோஸ் வந்தபோது 32 பிட் மென்பொருள்கள் அதில் ஓடின. 32 பிட் டிரைவர்கள் ஓடவில்லை. சிஸ்கோவின் பழைய வீ.பி.என் கிளையன்ட் நீண்டகாலம் 32 பிட் விண்டோஸில் மட்டுமே வேலை செய்தது. இன்றைக்கு ஆர்ம் புரொசெசரில் ஓடும் விண்டோஸிலும் அதே விதிதான்: இன்டெலுக்கு எழுதிய மென்பொருள் ஓடும், டிரைவர் ஓடாது.

தீர்வு மொழிபெயர்ப்பாளரிடமிருந்து வரவில்லை, இடத்தை மாற்றியதால் வந்தது. 2015 இல் அப்பிள், கேர்னலுக்குள் கைவைக்காமலே வீ.பி.என் எழுதுவதற்கு ஒரு வழியைத் திறந்தது. 2019 இல் கட்டலினா பதிப்போடு கேர்னல் நீட்சிகளைக் கைவிடச் சொல்லி நிறுவனங்களை நெருக்கியது. ஏற்கெனவே இடம் மாறியிருந்தவர்களுக்கு 2020 பெரிய சிக்கலாக இருக்கவில்லை. மாறாதவர்களின் பாவனையாளர்கள் புதுப் பதிப்பு வரும்வரை காத்திருந்தார்கள். அதுவும் கொரோனாவால் உலகமே வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த நேரத்தில்.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். புரொசெசரை மாற்றுவது ஒரு நிறுவனம். வீ.பி.என் செய்வது இன்னொன்று. எந்த வீ.பி.என் எண்டு தீர்மானிப்பது ஒப்பீஸ். மூன்று பேரும் ஒத்துவராத நாளில் லீவு எழுதவேண்டி வருவதோ, இந்த மூன்றிலும் எந்த முடிவும் எடுக்காத ஊழியர்.

கதை இன்னும் முடியவில்லை. இன்டெல் மக்குகளுக்கு வரும் கடைசிப் பதிப்பு டாஹோ எண்டு 2025 ஜூனில் அப்பிள் அறிவித்துவிட்டது. பழைய மக்புக் ஒன்றை மலிவாக வாங்க யோசிக்கிறவர்களும், புது ஆர்ம் மடிக்கணினி வாங்க யோசிக்கிறவர்களும், காசு குடுக்க முதல் ஒப்பீஸ் ஐடி ஆட்களிடம் ஒரு கேள்வி கேளுங்கோ: "எங்கட வீ.பி.என் இந்தப் புரொசெசருக்கெண்டே எழுதினதா? இயங்குதளத்திலேயே இருக்கிற ஐகேஈவி2 மாதிரிப் பொது முறையால இணைய ஏலுமா?" இரண்டுக்கும் இல்லை எண்டு பதில் வந்தால், கொஞ்சம் பொறுத்து வாங்குங்கோ.