ஷாம்புவுக்குப் பின்னால் ஒரு பாட்னாக்காரர்

உங்கள் குளியலறையில் இருக்கும் ஷாம்பு பாட்டிலின் பெயர் நம் நாட்டிலிருந்து கப்பலேறிப் போன சொல். இந்தியில் ‘சாம்ப்னா’ என்றால் உடம்பை அழுத்திப் பிடித்துவிடுவது. அதை இங்கிலாந்தில் பிரபலமாக்கியவர் 1759இல் பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது. தலைக்குத் தேய்த்துக் குளிப்பது என்ற பொருள் பிற்பாடு வந்தது.

சிறுவயதிலேயே கம்பெனிப் படையோடு சேர்ந்த இவர், 1784இல் தம் அதிகாரியுடன் அயர்லாந்து போனார். 1794இல் சந்தா சேர்த்துத் தம் பயணக் கதையை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட முதல் இந்தியர் இவர்தான்.

1810இல் லண்டன் ஜார்ஜ் தெருவில் ‘இந்துஸ்தானி காபி ஹவுஸ்’ திறந்தார். பெயர்தான் காபி, உள்ளே நம் ஊர்ச் சாப்பாடு, மூங்கில் நாற்காலி, ஹூக்கா. இந்தியாவிலிருந்து திரும்பிய துரைமார்களை நம்பிய கணக்கு அது. கடன் பிரிவில் வேலை பார்த்த எனக்கு முடிவு புரிகிறது: பெரிய மனிதர்கள் வசிக்கும் இடம், கையிலோ முதல் போதவில்லை. 1812இல் திவால். வயது 53. வேலை கேட்டுப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்!

பிறகுதான் பிரைட்டன் கடற்கரை. மூலிகை நீராவிக் குளியல், அதோடு உடம்பு பிடித்துவிடுதல். குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்களைச் சுவரில் மாட்டிவைத்தாராம். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என இரண்டு மன்னர்களுக்கு ‘ஷாம்பூயிங் சர்ஜன்’ ஆனார். 1851இல் பிரைட்டனிலேயே காலமானார்.

திவாலான அந்த உணவகத்தின் நினைவாக, ஜார்ஜ் தெருவில் 2005இல் ஒரு பச்சைப் பலகை பதித்திருக்கிறார்கள். லண்டனில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், ஒரு எட்டு நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.