வன்னியிற் கடனும் அறவீடும்

கடன் கொடுத்தவன் தன் பொருளைத் திரும்பப் பெறுவதற்கு எவ்வளவு தூரம் செல்லலாம் என்னும் வினா மிகப் பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டுக் கரையை அடைந்த வெனிசு நகரத்து வணிகர் மார்க்கோ போலோ, அங்கே தாம் கண்ட வழக்கமொன்றைக் குறித்து வைத்துள்ளார். பன்முறை கேட்டும் கொடாது நாட்கடத்தும் கடனாளியைக் கடன் கொடுத்தவன் வழியிற் கண்டால், அவனைச் சுற்றி நிலத்தில் ஒரு வட்டம் கீறிவிடுவான். கடனைத் தீர்த்தாலன்றி, அல்லது தக்க பிணை கொடுத்தாலன்றி, அவன் அவ்வட்டத்தை விட்டு வெளியேறலாகாது. வெளியேறினால் நீதியை மீறியவன் என்னும் கொடுந்தண்டனைக்கு ஆளாவான். அந்நாட்டு அரசனே வேற்றுநாட்டு வணிகனொருவனுக்குக் கொடுக்கவேண்டிய பொருளைப் பலகாலும் தவணை சொல்லிக் கடத்திவந்தானாம். ஒருநாள் அவன் குதிரையேறி வருகையில் அவ்வணிகன் குதிரையையும் அரசனையும் சேர்த்து வட்டமிட்டான். வணிகனுக்குரியது கிடைக்கும்வரை அரசன் குதிரையை அசையாது நிறுத்தினான் என்றும், இதனைத் தம் கண்ணாற் கண்டதாகவும் போலோ எழுதுகின்றார்.

இந்நிகழ்ச்சியிற் கடன் அறவீட்டின் கடுமையும் உண்டு. அதற்குரிய ஒழுங்கும் உண்டு. வட்டம் பொதுவழியில் ஊரறியக் கீறப்பட்டது. குடிமகனுக்கும் கோமகனுக்கும் அது ஒன்றாகவே இருந்தது. அறவிடும் உரிமைக்கு வரம்பு எங்கே உள்ளது, அவ்வரம்பை யார் வகுக்கின்றார் என்பதே கடனின் வரலாற்றில் நாம் தேடவேண்டிய பொருளாகும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களைக் கொண்ட வன்னிப் பெருநிலத்தின் அனுபவம் இவ்வினாவைத் தெளிவாக எடுத்துக்காட்டுகின்றது.

வன்னியிற் பயிர்ச்செய்கை வானத்தையும் குளத்தையும் நம்பியது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் முதலிய பெருங்குளங்களின் கீழும், எண்ணற்ற சிறுகுளங்களின் கீழும் காலபோகமே தலையாய போகம். வாடைமழையோடு விதைத்து, மாசி பங்குனியில் அரிவு வெட்டிச் சூடு மிதிப்பது வழக்கம். எனவே கமக்காரன் கையிற் பொருள் சேர்வது ஆண்டில் ஒருமுறை. குளத்தில் நீர் மிஞ்சிச் சிறுபோகமும் வாய்த்தால் இருமுறை. இடையிலுள்ள மாதங்களிற் கடன் வாங்காது காலங்கழிப்பது அரிது. கடன் இங்கே ஒழுக்கக் கேட்டின் விளைவன்று, பருவத்தின் விளைவு.

இவ்வுண்மையை நமது பழைய வழக்கம் நன்கு அறிந்திருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியிலே 1706 இல் தேசாதிபதி சீமொன்சின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்சு என்பவர் வடபகுதித் தமிழரின் வழக்கங்களைத் தொகுத்து 1707 இல் முடித்தார். பன்னிரு முதலிமார் பார்வையிட்டு ஒப்புக்கொண்ட அத்தொகுப்பே தேசவழமை. அதிற் கூறப்படும் ஒற்றி என்னும் முறையைச் சற்று நோக்குவோம். ஒற்றி பிடித்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பார். காணிக்காரர் முதலைக் கொடுத்துக் காணியை மீட்டுக்கொள்ளலாம். மீட்குங் காலமும் பயிருக்குப் பயிர் வேறுபட்டு, விளைவு வீடுசேர்ந்த பருவத்தை ஒட்டி வகுக்கப்பட்டிருந்தது. மழை பொய்த்தால் விளைவு இல்லை. விளைவு இல்லையேல் அவ்வாண்டு வட்டியும் இல்லை. வறட்சியின் இழப்பிற் கடன் கொடுத்தவருக்கும் பங்கு இருந்தது. தேசவழமைச் சமூகத்திற் கொடுமைகள் இல்லாமலில்லை. அடிமை முறையையும் அதே தொகுப்பு விதித்துச் சொல்கின்றது. ஆயினும் கடனின் நாட்காட்டியைப் பயிரின் நாட்காட்டியோடு பொருத்திய அறிவை நாம் மதிக்கவேண்டும்.

ஆங்கிலேயர் காலத்தில் அறவீட்டின் வரம்பை வகுக்கும் பணி நீதிமன்றத்திடம் சென்றது. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, தீர்ப்புப் பெற்ற கடனுக்காகக் கடனாளியின் பொருளைக் கைப்பற்ற இடமளித்தது. ஆயினும் கைப்பற்றும் அதிகாரம் நீதிமன்றக் கட்டளையோடு வரும் பிஸ்காலுக்கே உரியது. அவரும் தொடக்கூடாத பொருள்கள் சிலவற்றை அச்சட்டம் விதந்து கூறியது. குடும்பத்தினரின் உடுபுடைவை, படுக்கை, தொழிலாளியின் கருவிகள், கமக்காரனின் உழுபடைகள், அவன் பிழைப்புக்கு வேண்டிய மாடுகள், விதைநெல் என்பன அவை. கடனுக்காக ஒருவனை அடுத்த போகமே செய்யமுடியாதவனாக ஆக்கிவிட்டால், கடன் கொடுத்தவனுக்கும் ஒன்றும் கிடையாது. நாட்டுக்கும் ஒன்றும் கிடையாது என்பதே இவ்விதியின் உட்பொருள்.

நீதிமன்றத்திற்கு வெளியே நிகழும் அறவீடு வேறுவகையானது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கொழும்பு நகரில் ஆப்கானிய வட்டிக்காரர் சம்பளநாளன்று வேலைத்தல வாயில்களில் தடியோடு காத்துநின்ற காட்சியை முதியோர் பலரும் சொல்லக் கேட்டிருக்கலாம். ஏட்டிலுள்ள கணக்கைவிட வாயிலில் நிற்கும் ஆளே அங்கே வலிமை உடையவர். அதிக வட்டியின் கேட்டைக் கண்டு 1918 இன் 2 ஆம் இலக்கக் கடன் கொடுத்தற் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. வட்டி மிகையாகவும் கொடுக்கல் வாங்கல் கொடுமையாகவும் இருப்பின், நீதிபதி கணக்கைத் திறந்து மீண்டும் பார்க்கலாம். பொதுமக்கள் புறோநோட்டு என வழங்கும் வாக்குறுதிச் சீட்டில், உண்மையாகக் கைக்கு வந்த முதல் எவ்வளவு, முன்கூட்டிக் கழித்த தொகை எவ்வளவு, வட்டிவீதம் என்ன என்பன எழுதப்படல் வேண்டும். பின்னர் 1941 இன் 39 ஆம் இலக்கச் சட்டம் கடன் இணக்க சபையை நிறுவியது. அச்சபை இரு பகுதியாரையும் ஒருங்கே அழைத்துத் தவணையையும் தொகையையும் பேசித் தீர்க்க முயலும். காணியை ஈடுவைத்துப் பட்ட கடன்களுக்கே அது பெரிதும் பயன்பட்டது.

இங்கேதான் வன்னியின் நிலை வேறுபடுகின்றது. குடியேற்றத் திட்டங்களின் வழியே வந்த குடும்பங்கள் பல, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் பெற்ற காணிகளில் வாழ்கின்றன. அக்காணியை விரும்பியவாறு விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. கடன் தீர்ப்புக்காக ஏலத்தில் எடுக்கவும் முடியாது. ஏழைக் கமக்காரனின் நிலம் வட்டிக்காரர் கைக்குப் போகாமற் காத்த வேலி அது. ஆனால் அதே வேலி வங்கியின் கதவையும் அடைத்தது. ஈடு கொடுக்க நிலமில்லாதவன் எதைப் பிணையாகக் கொடுப்பான்?

கூட்டுறவு இயக்கம் இதற்கு ஒரு விடை கூறியது. செருமனியில் இரைபீசன் என்பார் காட்டிய வழியைப் பின்பற்றி, இலங்கையில் 1911 இன் 7 ஆம் இலக்கச் சட்டத்தோடு கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. அங்கே அயலவரின் சொல்லே பிணை. கடன் கொடுப்போரும் பெறுவோரும் ஒரே சங்கத்தின் அங்கத்தவர். வட்டியையும் தவணையையும் அவர்களே கூடித் தீர்மானிப்பர். ஊதியம் ஊரிலேயே தங்கும். வறட்சி எது, வஞ்சனை எது என்று பிரித்தறிய அயலவரால் முடியும்.

2009 ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்தபோது, வன்னி மக்களின் வீடும் மாடும் படகும் உழவு இயந்திரமும் அழிந்திருந்தன. நகையைப் பலர் முன்னரே விற்றிருந்தனர். குடும்பத்தலைவனை இழந்த பெண்கள் பலர் வீட்டுச் சுமையைத் தனித்து ஏற்றனர். மீள்குடியேறியோருக்கு இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் 5,50,000 ரூபா மானியம் கிடைத்தது; பொருள்விலை ஏற ஏற, அத்தொகையில் அடங்காத வீட்டை முடிக்கக் கடன் தேவைப்பட்டது. அதே வேளையில் ஏ-9 வீதி வழியே வங்கிகளும் நிதி நிறுவனங்களும் குத்தகைக் கடன் நிறுவனங்களும் வந்து கிளை திறந்தன. காணி உறுதி கேளாமல், ஒரு சில பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கொருவர் பிணைநிற்கச் செய்து கொடுக்கப்பட்டதே நுண்கடன்.

அயலவர் பிணைநிற்றல் கூட்டுறவிலும் உண்டு, நுண்கடனிலும் உண்டு. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. நுண்கடனில் வட்டியையும் தவணையையும் அயலவர் தீர்மானிப்பதில்லை. ஒருத்தி கட்டத் தவறினால் அவள் பங்கையும் சேர்த்துக் கட்டும் சுமை மட்டுமே அவர்களுக்கு உரியது. நிறுவனத்தின் அறவீட்டாளர் செய்யவேண்டிய நெருக்குதலை அடுத்த வீட்டுத் தோழியே செய்யவேண்டியவள் ஆகின்றாள். போரிலும் இடம்பெயர்விலும் ஒருவரை ஒருவர் தாங்கி நின்ற அயல், கடனிற் பிளவுபட்டது.

இக்கடனின் கணக்கையும் ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். 50,000 ரூபாவை ஆண்டுக்கு நூற்றுக்கு 24 வட்டியென ஒருத்தி பெறுகின்றாள் என்று கொள்வோம். வட்டி 12,000 ரூபாவை முதலோடு கூட்டி 52 கிழமைக்குப் பிரித்தால், கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா கட்டவேண்டும். ஆனால் முதலாங் கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருவதால், ஆண்டு முழுவதற்கும் சராசரியாக அவள் கையில் நிற்பது ஏறக்குறைய 25,000 ரூபாவே. ஆகவே உண்மை வட்டி, சொல்லிய வட்டியின் இருமடங்கை நெருங்குகின்றது. அன்றியும், நெல் ஆண்டுக்கு ஒருமுறை விளைய, தவணை கிழமைக்கு ஒருமுறை வருகின்றது. முதற் கடனைக் கட்ட இரண்டாங் கடன், இரண்டாவதைக் கட்ட மூன்றாவது என்று சங்கிலி நீள்வதற்கு இதுவே காரணம்.

2016 முதலான கடும் வறட்சி இச்சங்கிலியை இறுக்கியது. வெளிநாட்டுக் கடனும் மனித உரிமையும் பற்றி ஆராயும் ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் யுவான் பாப்லோ பொகோஸ்லாவ்ஸ்கி 2018 இல் இலங்கைக்கு வந்தார். ஆண்டுக்கு நூற்றுக்கு 220 வரை சென்ற வட்டிகளையும், அறவீட்டாளர் சிலர் பெண்களிடம் முறைகேடாக நடந்தமையையும் அவர் சுட்டிக்காட்டினார். அவ்வாண்டே அரசாங்கம், நிதியமைச்சர் மங்கள சமரவீரவின் வாயிலாக, வறட்சியுற்ற 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற 1,00,000 ரூபாவுக்கு மேற்படாத, மூன்று மாதத்திற்கு மேல் நிலுவையான நுண்கடன்களைத் தான் ஏற்பதாக அறிவித்தது. வன்னியின் மூன்று மாவட்டங்களும் அவற்றுள் அடங்கின. வட்டிக்கு நூற்றுக்கு 35 என்னும் உச்சவரம்பும் அறிவிக்கப்பட்டது. இவை பலருக்கு ஆறுதல் அளித்தன. ஆனால் நகையை அடகுவைத்தும், வேறிடத்திற் கடன்பட்டும் தவணை தவறாது கட்டியவளுக்கு இச்சலுகை இல்லை. அவளுக்கு நிலுவை இல்லையன்றோ! மேலும், 2016 இன் 6 ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வைப்புப் பணம் பெறும் நிறுவனங்களையே ஒழுங்குபடுத்தியது. வெறுமனே கடன் கொடுப்போர் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர்.

இவ்வரலாற்றிலிருந்து ஒன்று புலனாகும். தேசவழமையும், 1889 இன் சட்டக்கோவையும், கடன் இணக்க சபையும் நிலத்தையோ நீதிமன்றத்தையோ நடுவாக வைத்து வரம்பு கட்டின. நிலத்தை ஈடு வைக்காமலும் வழக்கு வைக்காமலும் வாசலிலேயே அறவிடும் முறை வந்தபோது, அவ்வரம்புகள் நூலில் இருந்தும் வாசலுக்கு வரவில்லை. பிஸ்கால் தொடக்கூடாத விதைநெல்லை, அறவீட்டாளரின் சுடுசொல்லுக்கு அஞ்சி அப்பெண் தானே விற்றுவிடுகின்றாள். நாணம் என்னும் பிணைக்கு விதிவிலக்கு எழுதிய சட்டம் எதுவுமில்லை.

ஆதலின் கடன்பட்டோர் சிலவற்றைத் தெளிவாக அறிந்திருத்தல் நன்று. கடனைத் திருப்பிக் கொடுக்கவேண்டியது கடமை. ஆனால் கொடுக்க இயலாமை குற்றமன்று. குத்தகைக் கடனிற் பெற்ற வாகனத்தின் உடைமை தவணை முடியும்வரை நிறுவனத்துக்குரியது; அது வேறு. வீட்டுப் பொருளை நீதிமன்றக் கட்டளையின்றி எடுத்துச் செல்ல எந்த அறவீட்டாளருக்கும் அதிகாரமில்லை. கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டுப் பெறவேண்டும். முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மீதி எவ்வளவு என்பதை எழுத்திற் கேட்கவேண்டும். வெற்றுத் தாளிற் கையொப்பம் இடலாகாது. தவணை கேட்பதாயின் கமக்கார அமைப்பையோ மாதர் சங்கத்தையோ துணைக்கழைத்து, நாலு பேர் அறியப் பேசுவது நலம்.

அன்று பாண்டிநாட்டு வீதியிற் கீறிய வட்டம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. இன்று வன்னி வாசல்களிற் கீறப்படும் வட்டமோ, உள்ளே நிற்பவளுக்கு மட்டுமே தெரிகின்றது. அதனை ஊர் காணச் செய்வதே அவளுக்குச் செய்யத்தக்க முதலுதவி. தவணையைக் கிழமையினின்று அறுவடைக்கு மாற்றுவதும், அயலவர் பிணையோடு அயலவர் தீர்மானத்தையும் சேர்ப்பதும் அதன்பின் செய்யவேண்டியவை. 1707 இல் எழுதப்பட்ட வழக்கமும் 1911 இல் எழுந்த சங்கமும் இவற்றிற்கு வழிகாட்டிச் சென்றுள்ளன.