ஊருக்கு கரண்ட் வந்தாச்சு, வீட்டுக்கு?

இந்த எபிசோட் ஒரு காலி மனையில ஆரம்பிக்குது.

அரியலூர் பக்கத்துல ரெட்டிபாளையத்தில் எங்க குடும்பத்துக்கு கொஞ்சம் நிலம் இருக்கு. முன்னாடி அதுல சோளம் போடுவாங்க, இப்போ கருவேல முள்தான். அப்பா ரிட்டயர் ஆனதும் அங்கேதான் வீடு கட்டணும்னு முடிவு பண்ணிட்டார். நான் உற்சாகமா லேப்டாப்பை திறந்து எத்தனை ரூம், ஜன்னல் எந்தப் பக்கம்னு வரைய ஆரம்பிச்சேன். அப்பா எட்டிப் பார்த்துட்டு சொன்னார்: "அது இருக்கட்டும்டா. முதல்ல தண்ணி, அப்புறம் கரண்ட், அப்புறம் லாரி வர்ற அளவுக்கு பாதை. இது மூணும் இல்லாம செங்கல்லை கொண்டாந்து கொட்டி என்ன பண்ணுவ?"

யோசிச்சா சரிதான். கான்கிரீட் போட்டா நாள் கணக்குல தண்ணி ஊத்தணும். தண்ணி வேணும்னா போர் போடணும், போர்ல மோட்டார் ஓட கரண்ட் வேணும். போர் வண்டியே உள்ளே வர பாதை வேணும். ஒன்னு இல்லாம இன்னொன்னு நடக்காது.

வயரிங் பண்ற அண்ணன் ஒருத்தரை கூட்டிட்டு வந்து இடத்தை காட்டினோம். அவர் கடைசி மின்கம்பம் வரைக்கும் நடந்து போய், திரும்பி வந்து சொன்னார்: "ஊருக்கு கரண்ட் வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு தம்பி. உங்க இடத்துக்குத்தான் வரல. மூணு கம்பம் நடணும்."

அந்த வரி மண்டைக்குள்ள உட்கார்ந்துக்கிச்சு. ஊருக்கு வந்தது எங்களுக்கு வரலைன்னா, அப்போ 'வந்தது'ன்னு யார் எதை வெச்சு முடிவு பண்ணாங்க? அதைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

முதல்ல தண்ணி. அதுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். இதே அரியலூர் மாவட்டத்துல, ஜெயங்கொண்டம் தாண்டினா கங்கைகொண்ட சோழபுரம். சுமார் 1025ல முதலாம் ராஜேந்திரன் தஞ்சாவூரை விட்டுட்டு இங்கே ஒரு புதுத் தலைநகரை உண்டாக்கினார். நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது அந்தப் பெரிய கோயில். ஆனா தலைநகர்னா ஜனம் வேணும், ஜனம் இருக்க தண்ணி வேணும். அதுக்காக வெட்டின ஏரிதான் சோழகங்கம். இன்னைக்கு பொன்னேரின்னு சொல்றோம். கங்கை வரைக்கும் போன படையெடுப்போட நினைவா உருவான ஏரி அது. அதை 'நீரால் ஆன வெற்றித் தூண்'னு திருவாலங்காட்டுச் செப்பேடு வர்ணிக்குது. ஜெயிச்ச ராஜா கல்லுல தூண் நடுறது வழக்கம். இவர் தண்ணியில நட்டிருக்கார்.

1855ல சென்னையில அச்சான ஒரு கெசட்டியர், உடையார்பாளையம் பகுதியில வடக்கு தெற்கா 16 மைல் நீளத்துக்கு ஒரு கரை கிடக்குதுன்னு எழுதுது. 16 மைல்னா கிட்டத்தட்ட 26 கிலோமீட்டர். அப்போ அந்த ஏரி உடைஞ்சு, பெரும்பகுதி காடாகிக் கிடந்தது.

அதே கெசட்டியர்ல இன்னொரு விஷயமும் இருக்கு. 1836ல கொள்ளிடத்துக்கு குறுக்கே கீழணையை ஆங்கிலேய அரசு கட்டினப்போ, அதுக்கான கல்லை கங்கைகொண்ட சோழபுரம் கோயிலோட மதிலைப் பிரிச்சு எடுத்துட்டுப் போனாங்க. உள்ளூர் ஜனங்க தடுத்துப் பார்த்தாங்க, அதுக்கு அவங்களுக்கு தண்டனைதான் கிடைச்சுது. கல் மதிலுக்கு பதிலா செங்கல் மதில் கட்டித் தர்றோம்னு வாக்கு கொடுத்தாங்க. அந்த வாக்கு காப்பாத்தப்படவே இல்லைன்னு அந்தப் புத்தகமே வெளிப்படையா எழுதி வெச்சிருக்கு.

நீங்க சென்னையில இருந்து இதைக் கேக்கறீங்கன்னா, இதுல உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. கீழணையில தேங்குற தண்ணிதான் வடவாறு வழியா வீராணம் ஏரிக்குப் போகுது. 2004ல இருந்து வீராணத்துத் தண்ணி குழாய் வழியா சென்னைக்கு வருது. ஒரு ஊரோட தண்ணி வசதிக்குப் பின்னாடி இன்னொரு ஊரோட கல் இருக்கு.

இப்போ கரண்டுக்கு வருவோம். அன்றைய சென்னை மாகாணத்துல பெரிய அளவுல நீர்மின்சாரம் 1932ல நீலகிரியோட பைக்காராவில் தொடங்குது. அடுத்து 1937ல மேட்டூர், 1944ல பாபநாசம். பைக்காரா மின்சாரம் முதல்ல கோயம்புத்தூர் பக்கம் இறங்குச்சு. பஞ்சாலைகள் பெருகினதுக்கு அது ஒரு முக்கிய காரணம். ஆலைகளோட சேர்ந்து கிணத்து மேட்டுக்கும் கரண்ட் போச்சு. மாடு கட்டி கவலை இறைச்ச இடத்துல மோட்டார் ஓட ஆரம்பிச்சது. 1957 ஜூலை 1ல மின்வாரியம் உருவானதுக்கு அப்புறம் வேகம் இன்னும் கூடுச்சு. 1960களோட நடுவுல நாட்டுல பஞ்சம், உணவுத் தட்டுப்பாடு. நெல்லும் கோதுமையும் உடனே விளையணும். 1969ல கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டு போறதுக்கு கடன் கொடுக்கன்னே ஆர்.இ.சி.ங்கிற நிறுவனத்தை மத்திய அரசு தொடங்குச்சு. நோக்கம் தெளிவு: பம்ப்செட்.

இதை நான் குறையா சொல்லல. தமிழ்நாடு பம்ப்செட் இணைப்புல இந்தியாவுக்கே முன்னோடி. 1984ல சிறு விவசாயிகளுக்கும், 1990ல எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. பல குடும்பங்கள்ல பிள்ளைங்க படிச்சு மேல வந்ததுக்கு அந்த மோட்டார் இறைச்ச தண்ணி ஒரு காரணம், எங்க குடும்பத்துலயும்தான்.

ஆனா அந்தக் காலத்துல ஒரு கிராமம் 'மின்மயமாயிடுச்சு'ன்னு எப்போ சொல்வாங்க தெரியுமா? 1997 அக்டோபர் வரைக்கும் இந்தியா முழுக்க இருந்த வரையறை இதுதான்: கிராமத்தோட வருவாய் எல்லைக்குள்ள எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் பயன்பட்டா போதும். அதாவது ஊருக்கு ஒரு மைல் தள்ளி யாரோ ஒருத்தர் வயல்ல ஒரு மோட்டார் ஓடினாலே அந்த ஊர் கணக்குல ஏறிடும். ஊருக்குள்ள ஒரு வீட்டுல கூட பல்பு எரிய வேண்டிய அவசியம் இல்லை.

ஐடில இருக்கறவங்களுக்கு இது உடனே புரியும். ஒரு வேலை எப்போ முடிஞ்சதுன்னு சொல்லலாம்? அதுக்குன்னு ஒரு வரையறையை முதல்லயே எழுதி வெப்போம். அதை தப்பா எழுதிட்டா, வேலை பாதியில நிக்கும், ஆனா டிக்கெட் மட்டும் க்ளோஸ் ஆகியிருக்கும். 1980கள்லயே தமிழ்நாட்டுல கிட்டத்தட்ட எல்லா கிராமங்களுக்கும் அந்த டிக்கெட் க்ளோஸ் ஆயிடுச்சு.

1997ல வரையறையை கொஞ்சம் இறுக்கினாங்க. மின்சாரம் ஜனங்க குடியிருக்கிற பகுதிக்குள்ள பயன்படணும்னாங்க. அப்பவும் 'எந்தக் காரியத்துக்காவது'ங்கிறது போகல. ஒரு தெருவிளக்கு எரிஞ்சா போதும். 2004 பிப்ரவரியிலதான் பெரிய மாற்றம். டிரான்ஸ்பார்மரும் லைனும் குடியிருப்புப் பகுதியில இருக்கணும். பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ், சுகாதார நிலையம் மாதிரி பொது இடங்கள்ல கரண்ட் இருக்கணும். குறைஞ்சது 10 சதவீத வீடுகள்ல இணைப்பு இருக்கணும்.

இன்னொன்னும் அதுல சேர்ந்தது. தலித் குடியிருப்பு தனியா இருந்தா, அங்கேயும் டிரான்ஸ்பார்மரும் லைனும் போயிருக்கணும்னு எழுதினாங்க. ஏன் அதை தனியா எழுத வேண்டி வந்துச்சு? ஊர்த்தெருவுல வந்த கம்பம் காலனிக்குப் போற வழியில நின்னுடும்ங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். தமிழ்நாட்டு மின்வாரியக் கணக்குகள்ல கிராமங்களுக்கு ஒரு எண்ணிக்கையும், ஆதிதிராவிடர் காலனிகளுக்கு வேற எண்ணிக்கையும் தனித்தனியா போட்டிருப்பாங்க. கணக்கையே ரெண்டா போட வேண்டியிருந்ததுன்னா, கம்பி ஒன்னா போகலைன்னுதான் அர்த்தம்.

தூரத்துக்கு யார் காசு கொடுக்கறதுங்கிற கேள்வி எல்லா நாட்டுலயும் இருந்திருக்கு. 1930களோட நடுவுல அமெரிக்காவுல நகரத்து வீடுகள் பத்துல ஒன்பதுக்கு கரண்ட் இருந்தது. பண்ணை வீடுகள் பத்துல ஒன்னுக்குத்தான். தள்ளித் தள்ளி இருக்கிற வீட்டுக்கு கம்பி இழுத்தா லாபம் இல்லைன்னு தனியார் கம்பெனிகள் ஒதுங்கிக்கிட்டாங்க. 1935ல அரசு ஒரு அமைப்பை உருவாக்கி கடன் கொடுத்துச்சு. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் வெச்சு அவங்களே லைன் இழுத்துக்கிட்டாங்க.

நம்ம ஊர்ல 1988-89ல வந்த குடீர் ஜோதி திட்டம் ஏழை வீடுகளுக்கு ஒரே ஒரு விளக்குக்கான இணைப்பு கொடுத்துச்சு. 2017ல வந்த சௌபாக்யா திட்டத்துலதான் கணக்கு 'எத்தனை கிராமம்'ங்கிறதுல இருந்து 'எத்தனை வீடு'ன்னு மாறுச்சு. 2018 ஏப்ரல் 28ல மணிப்பூரோட லெய்சாங் கிராமத்துக்கு கரண்ட் போனதோட நாட்டுல எல்லா கிராமமும் மின்மயமாயிடுச்சுன்னு அறிவிச்சாங்க. அன்னைக்கு வாட்ஸ்அப்ல நானும் அதை ஃபார்வர்ட் பண்ணேன். பத்துல ஒரு வீடுதான் அந்தக் கணக்குக்கு அளவுகோல்னு அப்போ எனக்குத் தெரியாது.

தண்ணியிலயும் இதே கதைதான். 1972-73ல மத்திய அரசோட விரைவு ஊரகக் குடிநீர்த் திட்டம் வந்தது. சமவெளியில 1.6 கிலோமீட்டருக்குள்ள குடிக்கிற தண்ணி கிடைச்சா, அந்த ஊர் வசதி பெற்ற ஊர். 250 பேருக்கு ஒரு அடிபம்பு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர். 2019 ஆகஸ்ட் 15ல அறிவிச்ச ஜல் ஜீவன் திட்டத்துலதான் அளவு வீட்டுக் குழாயா மாறி, 55 லிட்டர் ஆச்சு.

1.6 கிலோமீட்டரை நான் எங்க அப்பாயிகிட்ட சொன்னேன். அப்பாயிக்கு கிலோமீட்டர் கணக்கு தெரியாது. "இடுப்புல ஒரு குடம், தலையில ஒரு குடம், நடுவுல ரெண்டு தடவை இறக்கி வெச்சா வீடு வந்துரும்"னாங்க. போக ஒரு நடை, வர ஒரு நடை, ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு அவங்க எண்ணினதே இல்லை. அரசாங்கத்துக் கணக்குல அது தண்ணி வசதி உள்ள ஊரா இருந்திருக்கும். அப்பாயி கணக்குல அது கழுத்து வலி.

ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலை இருக்கிற ஊர். சுத்துவட்டாரத்துல சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். சுமார் ஏழு கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்கே கடல் இருந்துச்சு. அந்தக் கடலோட சிப்பிகள் படிஞ்சு இறுகினதுதான் இந்தக் கல். எங்கெங்கேயோ எழும்புற வீடுகளுக்கு இந்த மண்ணு சிமென்ட்டா போகுது. இங்கே ஒரு வீடு எழும்பணும்னா மூணு கம்பம் நடணும்.

நட்டாச்சு. எஸ்டிமேட் போட்டாங்க, அப்பா பணம் கட்டினார், போன மாசம் கம்பம் நின்னுடுச்சு. ரெண்டாவது கம்பத்துக்கு பக்கத்துல ஒரு ஓட்டு வீடு இருக்கு. வயசான ஒரு அம்மா தனியா இருக்காங்க. இத்தனை நாளா தள்ளி இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுல இருந்து ஒயர் இழுத்து ஒரே ஒரு பல்பு. கம்பம் நட்ட அன்னைக்கு அப்பாகிட்ட வந்து கேட்டாங்க: "ஏம்பா, இதுல இருந்து எனக்கும் கொடுப்பாங்களா?"

அது எங்க கம்பம் இல்லை, விண்ணப்பம் போட்டா உங்களுக்கும் கொடுப்பாங்கம்மான்னு அப்பா சொன்னார். ஆதாரும் வீட்டு வரி ரசீதும் எடுத்துக்கிட்டு அடுத்த நாள் அவங்களை கூட்டிட்டும் போனார். எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, கூடவே கொஞ்சம் கூச்சமாவும் இருந்துச்சு. அந்த அம்மா அங்கே எத்தனையோ வருஷமா இருக்காங்க. கம்பம் வந்தது அவங்களுக்காக இல்லை, நாங்க பணம் கட்டினதால.

ஊர்ப்பக்கம் இடம் பார்க்கிறவங்க இந்த எபிசோடை கேட்டுட்டு இருப்பீங்க. 'கரண்ட் இருக்கு, தண்ணி இருக்கு'ன்னு புரோக்கர் சொன்னா, கடைசிக் கம்பம் எங்கேன்னு கேளுங்க. அது வரைக்கும் நடந்து போய்ப் பாருங்க. போற வழியில ஏற்கனவே யார் வீடு இருக்கு, அங்கே என்ன எரியுதுன்னும் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். வீட்டு வேலை ஆரம்பிச்சாச்சு, பின்னாடி மோட்டார் சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க.