ஹார்லெம்: கைமாறும் கறுப்பினத் தலைநகரம்

உழைக்கும் மக்கள் வாழும் நகரப் பகுதியில் வசதி படைத்தோர் குடியேற, வாடகை உயர்ந்து முன்னவர் வெளியேற நேர்வதை மேட்டுக்குடிமயமாதல் என்கிறோம். லண்டனை ஆராய்ந்த ரூத் கிளாஸ் 1964இல் இதற்கான ஆங்கிலச் சொல்லை உருவாக்கினார்.

நியூயார்க்கின் ஹார்லெம் இதற்குத் தக்க சான்று. அமெரிக்கத் தெற்கின் இனவெறிக்குத் தப்பி வந்த கறுப்பின மக்கள் 1920களில் அதனைக் கலை, அரசியல் தலைநகராக்கினர். 1930களில் கூட்டாட்சி அரசின் வரைபடங்கள் அப்பகுதியைச் சிவப்பாகக் குறித்து, கடன் வழங்க ஏற்றதன்று என்றன. முதலீடின்றிப் பல பத்தாண்டுகள் சிதைந்ததால் நிலம் மலிந்தது. அம்மலிவே பின்னர் மனை வணிகர்களை ஈர்த்தது. 2008இல் 125ஆவது தெருவில் பெருங்கட்டடங்களுக்கு மாநகர மன்றம் வழிவிட்டது.

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகமும் மேற்கு ஹார்லெமில் 17 ஏக்கரில் விரிவாக்கத்தைத் தொடங்கியது. விற்க மறுத்த வணிகர்களின் நிலத்தை அரசு கையகப்படுத்தலாம் என மாநிலத்தின் உச்ச நிலை நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது.

அண்ணல் பயின்ற இடமென அப்பல்கலைக்கழகத்தைப் போற்றும் நாம், அதன் சுவரையொட்டி வாழும் ஒடுக்கப்பட்டோரின் குடியிருப்புரிமைக்கும் குரல் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளோம். வாடகைப் பாதுகாப்பும் நிலவுரிமையும் இல்லாதோருக்குத் தம் பகுதியின் வளர்ச்சியே வெளியேற்றமாக முடிகிறது.